கையால் எறிந்ததைக் கையால் பிடிக்கக் கூடாது

கால்பந்து ஆட்டத்தில் பந்தைக் கையாள இரண்டு பேருக்குத்தான் உரிமை. தன் பெனால்டி கட்டத்துக்குள் நிற்கும் கோல்கீப்பர் ஒருவர். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே போனபின், அதை இரு கைகளாலும் தலைக்கு மேலாக உள்ளே எறிகிறவர் இன்னொருவர். ஆனால் இந்த இருவரும் ஒரே அணிக்காரர்களாக இருந்தால், ஒருவர் கையிலிருந்து நேராக மற்றவர் கைக்குப் பந்து போகக் கூடாது. எதிரணி எறிந்தால் கீப்பர் தாராளமாகப் பிடிக்கலாம். சொந்தத் தோழன் எறிந்தால் கை வைக்கக் கூடாது.

ஹைதராபாத் கச்சிபௌலியில் உள்ள பாலயோகி மைதானத்தில் ஓர் ஆட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். தன் கோலுக்கு அருகே, கார்னர் கொடிக்குச் சில அடி தள்ளி, தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். எறிகிறவர் கோட்டுக்கு வெளியே நிற்பதால், அந்த நொடியில் களத்துக்குள் அவருடைய அணிக்குக் கீப்பரை விட்டால் ஒன்பது பேர்தான். எதிரணிக்குப் பத்துப் பேர். கண்ணுக்கெட்டிய தூரத்தில் எல்லாத் தோழர்களையும் ஆளுக்கொருவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் நெருங்காமல் தனியே நிற்பவர் கீப்பர் மட்டும். கையுறை வேறு மாட்டியிருக்கிறார். அவரிடம் எறியலாம், தடை இல்லை. ஆனால் அவர் அதைக் காலால்தான் வாங்க வேண்டும். கையால் எடுத்தால் நடுவர் விசில் ஊதி, அதே இடத்திலிருந்து எதிரணிக்கு ‘இன்டைரக்ட் ஃப்ரீ கிக்’ கொடுப்பார். உதைத்த பந்து இன்னொருவர் மேல் பட்ட பிறகு வலைக்குள் போனால்தான் அது கோல். கையால் எடுத்த இடம் கோலை ஒட்டிய சின்னக் கட்டமாக இருந்தால், உதைக்கும் இடத்தை அந்தக் கட்டத்தின் முன்கோட்டுக்கு நகர்த்துவார்கள். கோலிலிருந்து 5.5 மீட்டர்தான் தூரம். தற்காக்கும் அணியில் அத்தனை பேரும் கோல்கோட்டின் மேல் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். பார்ப்பதற்கு ரேஷன் கடை வரிசை மாதிரி இருக்கும். உள்ளே நிற்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? அதற்குக் கீப்பரின் கைக்கே ஒரு வரலாறு உண்டு.

1863இல் லண்டனில் எழுதிய முதல் விதிகளில் கோல்கீப்பர் என்று ஒருவரே கிடையாது. 1871இல்தான் அவர் சட்டத்துக்குள் வருகிறார், வந்த வேகத்தில் களம் முழுவதும் கை வைக்கும் உரிமையோடு. 1887இல் எதிரணியின் பாதிக் களத்தில் அந்த உரிமை போனது. மீதி இருந்த சொந்தப் பாதியை லீ ரிச்மண்ட் ரூஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கீப்பர் ஆசைதீர அனுபவித்தார். பந்தைத் தட்டித் தட்டிக்கொண்டே நடுக்கோடுவரை ஓடிவிடுவாராம். 1912இல் கையின் எல்லை பெனால்டி கட்டத்துக்குள் சுருங்கியதற்கு அவர்தான் காரணம் என்பது கால்பந்து உலகில் வழங்கும் கதை.

கட்டத்துக்குள்ளும் கீப்பருக்கு நிம்மதி இல்லை. பந்தைப் பிடித்திருக்கும் கீப்பரைத் தோளால் இடிப்பது அந்தக் காலத்தில் நேர்மையான ஆட்டம். 1958 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் போல்டன் அணியின் நாட் லாஃப்ட்ஹவுஸ், மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் ஹாரி கிரெக்கைப் பந்தோடு சேர்த்து இடித்து கோலுக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்றார். இன்று அப்படிச் செய்தால் ஃபவுல், அட்டையும் கிடைக்கும்.

அதே 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பேர் வாங்கியவர் நம்மவர், பீட்டர் தங்கராஜ். 1935இல் ஹைதராபாத் சமஸ்தானத்தில் பிறந்தவர். மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர்க் கிளப்புகளில் ஆடிவிட்டு, 1953இல் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் படைவீரராகச் சேர்ந்தார். அங்கே அவர் ஆடத் தொடங்கியது கோலில் அல்ல, சென்டர் ஃபார்வர்டாக. கோல் போட வந்தவரைப் பிடித்து, கோலைக் காக்க நிறுத்தினார்கள். 1955இலும் 1958இலும் அந்த அணி டூரண்ட் கோப்பையை வென்றது. இந்தியாவுக்காக 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்குகள். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். 1967இல் அர்ஜுனா விருது. 2008இல் பொகாரோவில் காலமானார்.

ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியை உருவாக்கிய சையத் அப்துல் ரஹீமும் ஹைதராபாத்காரர்தான். அஜய் தேவ்கன் நடித்த ‘மைதான்’ படத்தால் இப்போது பலருக்கும் தெரிந்த பெயர். பள்ளி ஆசிரியர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது, வந்த பந்தை உடனே கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு போட்டி. பழக்கமில்லாத காலால் மட்டும் ஆட வேண்டும் என்று இன்னொரு போட்டி. இப்படி ஹைதராபாத் பையன்களுக்கென்று விசித்திரமான ஆட்டங்களை அவர் நடத்தினார். ஆட்டத்தின் விதியைக் கொஞ்சம் திருகினால் ஆடுகிறவனின் உடம்பே வேறு விதமாக யோசிக்கத் தொடங்கும் என்பது அந்த வாத்தியாருக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வருடம் கழித்து உலகக் கால்பந்து கீப்பர்கள் மேல் செய்து பார்த்ததும் அதைத்தான்.

தங்கராஜ் காலத்தில் தோழன் பந்தைப் பின்னால் தட்டிவிட்டால் கீப்பர் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். எறிந்தாலும் பிடிக்கலாம். இடி விழும் என்ற பயம் மட்டும்தான் அவரை அவசரப்படுத்தியது. பின்னாட்களில் கீப்பரை இடிப்பது மெல்ல மெல்லத் தடைசெய்யப்பட்டது. அவர் கைக்குள் பந்து போய்விட்டால் யாரும் கிட்டே வர முடியாது என்ற நிலை வந்தது. கீப்பரைக் காப்பாற்ற வந்த இந்தப் பாதுகாப்புதான் அடுத்த தலைவலியைக் கொண்டுவந்தது என்பது என் கணிப்பு. ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணிக்குக் கீப்பரின் கை பூட்டுப் போட்ட பெட்டகமாகிவிட்டது. தற்காப்பு ஆட்டக்காரர் பின்னால் தட்டுவார், கீப்பர் எடுப்பார், கொஞ்சம் நிற்பார், அவரிடமே உருட்டிவிடுவார், எதிரி நெருங்கியதும் பந்து மறுபடி கீப்பரின் கைக்குப் போகும். இதற்குள் கடிகாரம் ஓடியிருக்கும்.

1990 இத்தாலி உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களில் 115 கோல்கள்தான் விழுந்தன. சராசரி 2.21. பலேர்மோவில் எகிப்தும் அயர்லாந்தும் ஆடிய கோலற்ற ஆட்டத்தை இந்த நோய்க்கு உதாரணமாக இன்றும் சொல்கிறார்கள். 1992 ஜூனில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் டென்மார்க் 2–0 என்று ஜெர்மனியை வென்றது. அந்த ஆட்டத்தில் டென்மார்க் கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேல் தோழர்களின் பாஸை மீண்டும் மீண்டும் கையில் எடுத்ததைப் பார்த்தால் இன்றைய ரசிகருக்கு வேறு ஏதோ விளையாட்டைப் பார்ப்பது போலிருக்கும். அடுத்த மாதமே சட்டம் மாறியது. தோழன் வேண்டுமென்றே காலால் உதைத்துக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது. பார்சிலோனா ஒலிம்பிக்கில் அது அமலுக்கு வந்தது.

விதி வந்தால் விதிக்கு ஓட்டை தேடுகிறவர்களும் வருவார்கள். ‘காலால் உதைத்த’ என்றுதானே எழுதியிருக்கிறது, பக்கவாட்டிலிருந்து எறியும் ‘த்ரோ’ காலால் போடுவதில்லையே! எனவே பந்து வெளியே போகும்போதெல்லாம் பழைய வழி திறந்தே இருந்தது. தன் கோலுக்குப் பக்கத்தில் த்ரோ கிடைத்தால் நேராகக் கீப்பர் கையில் போட்டுவிட்டு மூச்சு விடலாம். இந்த ஓட்டையை அடைக்க ஐந்து வருடம் ஆனது. விதிகளுக்கு அதிகாரம் கொண்டது 1886இல் தோன்றிய சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு வாக்கு, ஃபிஃபாவுக்கு நான்கு. எட்டில் ஆறு வாக்கு விழுந்தால்தான் ஒரு கமா கூட மாறும். அந்த வாரியம் 1997இல் விதிப்புத்தகத்தை முழுதாகத் திருத்தி எழுதியபோது த்ரோவையும் தடைக்குள் கொண்டுவந்தது.

எழுதிய விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1992இன் ‘பேக் பாஸ்’ விதியில் ‘வேண்டுமென்றே’ என்ற நிபந்தனை உண்டு. தற்காப்பு ஆட்டக்காரர் வெளியே உதைக்கப் பார்த்து, கால் பிசகி, பந்து கீப்பரிடம் உருண்டு வந்தால் அவர் எடுத்துக்கொள்ளலாம். த்ரோவுக்கு அந்தச் சலுகை இல்லை. யாரை நினைத்து எறிந்தாலும் சரி, வேறு யார் மேலும் படாமல் நேராகக் கீப்பருக்கு வந்துவிட்டால் கை வைக்கக் கூடாது. கால் பிசகும், கை பிசகாது என்று கருதினார்களோ என்னவோ.

நடுவில் ஒரு தோழன் இருந்தால்? த்ரோவை அவர் தலையால் முட்டிக் கீப்பருக்குக் கொடுத்தால் கையால் பிடிப்பது தவறில்லை. அதற்காகக் கீப்பருக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, தலைக்கு எறிந்து, அவர் முட்டி, இவர் பிடிப்பது என்று ஒரு நாடகத்தை அரங்கேற்ற முடியாது. சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவதற்கென்றே செய்த தந்திரம் என்று நடுவருக்குத் தோன்றினால், தந்திரத்தைத் தொடங்கியவருக்கு மஞ்சள் அட்டை உண்டு. கீப்பர் கையால் தொட்டாரா இல்லையா என்பது கூடப் பொருட்டில்லை. எது தந்திரம், எது இயல்பான ஆட்டம் என்பது நடுவரின் கண்ணுக்கு விட்டது. மாவட்ட லீக்குகளில் பாதிச் சண்டை இங்கேதான் கிளம்பும்.

இனி, எனக்குப் பிடித்த புதிர். த்ரோவிலிருந்து நேராகக் கோல் விழாது. எதிரணியின் கோலுக்குள் நேராக எறிந்தால் அது கோல் கிக். சொந்தக் கோலுக்குள் எறிந்தால் எதிரணிக்குக் கார்னர். ஆகவே எதிரணி எறிந்த நீளமான த்ரோ ஒன்று யார் மேலும் படாமல் கோலை நோக்கிப் பறந்து வந்தால், கீப்பர் செய்ய வேண்டிய புத்திசாலித்தனமான காரியம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். விரல் நுனி பட்டு உள்ளே போனால் கோல். படாமல் போனால் பந்து அவருடையது. பாய்ந்து தடுப்பதற்கென்றே பிறந்த மனிதரிடம், இந்த ஒரு பந்தைத் தடுக்காதே என்று சட்டம் சொல்கிறது. ஒரு நொடிக்குள் அதை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அப்படி நினைவு வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2002 செப்டம்பர் 16 சாட்சி. பர்மிங்ஹாம் சிட்டிக்கும் ஆஸ்டன் வில்லாவுக்கும் ஆட்டம். வில்லாவின் ஓலோஃப் மெல்பெர்க் தன் கீப்பர் பீட்டர் என்கெல்மனுக்குச் சாதாரணமாக ஒரு த்ரோ போட்டார். 1997க்கு முன்னால் என்றால் என்கெல்மன் குனிந்து எடுத்திருப்பார், கதை முடிந்திருக்கும். இப்போது காலை நீட்டினார். பந்து காலுக்கு அடியில் நழுவி வலைக்குள் உருண்டது. கால் படவே இல்லை என்றால் அது வெறும் கார்னர். பட்டிருந்தால் கோல். நடுவர் டேவிட் எல்லரே, பட்டது என்று முடிவு செய்தார். பர்மிங்ஹாம் 3–0 என்று வென்றது. பட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் அந்த ஊரில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

என்கெல்மனைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பேக் பாஸும் த்ரோவும் கீப்பரின் காலுக்கு வந்து சேரும் விதம் ஒன்றல்ல. உதைத்த பந்து தரையோடு உருண்டு வரும். த்ரோவை விதிப்படி தலைக்கு மேலிருந்துதான் விட வேண்டும். அதாவது ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பந்து புறப்படுகிறது, விழுந்து எம்புகிறது. செயற்கைப் புல்தரைக்கு ஃபிஃபா தரும் உயர்தரச் சான்றுக்கான சோதனையில், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்ட பந்து 60 முதல் 85 சென்டிமீட்டர்வரை எழும்ப வேண்டும். ஏறத்தாழ முழங்காலுக்கும் தொடைக்கும் நடுவில். காலால் அடக்குவதற்கு இதைவிடச் சங்கடமான உயரம் இல்லை. பாதத்துக்கு மேலே, மார்புக்குக் கீழே. கையால் பிடிக்க அது மிக வசதியான உயரம், அந்தக் கையைத்தான் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது.

எறிவதிலும் இயற்பியல் விளையாடுகிறது. பள்ளிப் பாடப்படி 45 டிகிரியில் எறிந்தால் மிகத் தூரம் போக வேண்டும். ஆய்வாளர்கள் நிக்கோலஸ் லின்தார்ன், டேவிட் எவரெட் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் கால்பந்து த்ரோவுக்கு உகந்த கோணம் 30 டிகிரி அளவில்தான் வந்தது. பந்து தரையிலிருந்து புறப்படாமல் உயரத்திலிருந்து புறப்படுவது ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். பெரிய காரணம் நம் உடம்பு. தலைக்குப் பின்னாலிருந்து கைகளை வீசும்போது முன்னோக்கிக் கொடுக்க முடிகிற வேகத்தை மேல்நோக்கிக் கொடுக்க முடிவதில்லை. கோணம் ஏற ஏற வேகம் குறைகிறது. பாடப்புத்தகக் கணக்கு வேகம் மாறாது என்று எடுத்துக்கொள்கிறது. தோளும் முதுகும் அந்தக் கணக்கைப் படித்ததில்லை. 2018இல் லிவர்பூல் அணி த்ரோவுக்கென்றே தாமஸ் க்ரோன்மார்க் என்ற டென்மார்க் பயிற்சியாளரை வைத்துக்கொண்டபோது சிரித்தவர்கள் பலர். அவர் 51.33 மீட்டர் எறிந்து உலக சாதனை வைத்திருந்தவர். ஆனால் லிவர்பூலுக்கு அவர் கற்றுக்கொடுத்ததில் தூரத்தைவிட முக்கியமானது, ஒட்டி நிற்கும் எதிரிகளுக்கு நடுவில் பந்தைப் பறிகொடுக்காமல் எறிவது எப்படி என்பதுதான். கீப்பரின் கை என்ற அவசர வாசல் மூடிய பிறகு வந்த தேவை இது.

கீப்பர்களின் பக்கம் நடந்த மாற்றம் இன்னும் பெரியது. இப்போது காலால் பாஸ் கொடுக்கத் தெரியாத கீப்பர் பெரிய அணிகளில் நிற்பது கடினம். முன்னேறி நிற்கும் தன் தற்காப்பு வரிசைக்குப் பின்னால், கட்டத்துக்கு வெளியே வந்தும் அவர் வேலை செய்ய வேண்டும். அதில் கண்டமும் உண்டு. 2024 நவம்பர் 18 அன்று கச்சிபௌலியில் இந்தியாவும் மலேசியாவும் ஆடின. நீளமாக வந்த ஒரு பந்தை வெளியேற்ற இந்தியக் கீப்பர் குர்பிரீத் சிங் சந்து கட்டத்தை விட்டு ஓடி வந்தார், பந்து அவருக்குச் சிக்கவில்லை, மலேசியாவின் பாலோ ஜோசுவே காலியான கோலுக்குள் தட்டிவிட்டார். பிறகு ராகுல் பேக்கே ஒரு கோல் அடித்து 1–1 என்று சமன் செய்தார். அது த்ரோவும் இல்லை, பேக் பாஸும் இல்லை. ஆனால் கீப்பர் கோட்டிலேயே நின்று கையை மட்டும் நம்பியிருந்த காலத்தில் அப்படி ஓடி வருவதே அபூர்வம்.

அன்று இந்தியாவின் பயிற்சியாளர் மனோலோ மார்க்கஸ். 2022 மார்ச்சில் ஹைதராபாத் எஃப்.சி.யை ஐ.எஸ்.எல். பட்டம் வெல்லவைத்தவரும் அவர்தான். கோவாவில் நடந்த அந்த இறுதியாட்டம் கேரளா பிளாஸ்டர்ஸுடன் 1–1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். ஹைதராபாத் 3–1. ஒரு பருவம் முழுக்கக் காலால் ஆடக் கேட்ட ஆட்டம், கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்ற கடைசிக் கேள்வியைக் கீப்பரின் கையிடமே கேட்டது.

தங்கராஜை இன்றைய விதியில் நிறுத்திப் பார்க்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆறடியைத் தாண்டிய உயரம், சென்டர் ஃபார்வர்டாக ஆடிய கால், வந்த பந்தை உடனே கொடு என்ற ரஹீமின் பள்ளி. 1997 விதி தேடிய கீப்பர் ஏறத்தாழ இப்படிப்பட்டவர். ஆனால் அவர் ஆடிய நாட்களில் அந்தக் காலை யாரும் கேட்கவில்லை. த்ரோவை வாங்கக் கை போதும்.

சட்டம் சில இடங்களில் இறங்கியும் வந்திருக்கிறது. 2019 முதல் ஒரு சலுகை: தோழனின் பாஸையோ த்ரோவையோ கீப்பர் உதைத்து அனுப்பத் தெளிவாக முயன்று, அது சரியாகப் படாமல் போனால், பிறகு கையால் எடுத்துக்கொள்ளலாம். என்கெல்மனுக்குப் பதினேழு வருடம் தாமதமாக வந்த கருணை. அவருடைய பந்து வலைக்குள் போய்விட்டதால் அவருக்கு இதுவும் உதவியிருக்காது. தன் கட்டத்துக்குள் த்ரோவைக் கையால் எடுத்தால் அட்டை கிடையாது, ஃப்ரீ கிக்தான். கட்டத்துக்கு வெளியே என்றால் அவரும் மற்ற பத்துப் பேரைப் போலத்தான், சாதாரணக் கைத்தவறு.

நியாயமாகக் கையில் வந்த பந்துக்கும் இப்போது கடிகாரம் வைத்துவிட்டார்கள். நான்கு எட்டு வைக்கலாம் என்ற பழைய கணக்கு போய், 2000இல் ஆறு நொடி என்று வந்தது. நடுவர்கள் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 2025 ஜூலையிலிருந்து எட்டு நொடி. தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்களை மடக்கிக் காட்டுகிறார், களத்தில் உள்ள எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.